கரண்டி யார் கையில்

பெரியவர்கள் கிளறாமல் உலகில் எதுவும் உருப்படாது. அப்துல் ஷுக்கூரின் இந்தக் கொள்கையால் போன வாரம் சேனை வறுவல் களியாகிப்போனது. இன்று தோசைக்கல்லில் மிளகாய்த்தூள் பூசிய சேனைத் துண்டுகள் சடசடக்கின்றன. புகையில் ஜன்னல் வெயில் மஞ்சளாகத் தொங்குகிறது. மருமகள் ஷாஜியா கரண்டியை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி அடுப்பை மறைத்து நிற்கிறாள்.

“கரண்டியக் குடும்மா, அடிப்புடிக்குது,” என்கிறார் மாமனார். “புடிக்கட்டுங்க மாமா. அப்பத்தான் மொறுமொறுன்னு வரும். இன்னைக்கு யார் கேட்டாலும் குடுக்கமாட்டேன்.” “நூறு கல்யாணப் பந்தி பாத்தவன் நான்!” “உக்காந்து சாப்புட்டுதானங்க பாத்தீங்க?” துண்டுகளைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, கரண்டியும் கையுமாக அடுப்பை அணைக்கத் திரும்புகிறாள். “வேகவே இல்ல,” என்று அறிவித்தபடி அவர் நிமிர்ந்து வெளியேறுகிறார். அவருடைய வெள்ளை ஜிப்பாப் பையில் எண்ணெய் பரவிக்கொண்டிருக்கிறது.