மரத்தரையில் இருபது மூட்டை

"மாடு கட்ற கொட்டாய்க்கு மரத்துல தரை போட்றான் வரதன். அடுத்து மாட்டுக்கு ஷூ வாங்குவான், பாத்துக்கினே இரு" என்றார் சின்னப்பையன்.

சொக்கம்மாள் டீக்கடையில் நாலு பேர் சிரித்தார்கள். சிரிப்பு வந்ததும் சின்னப்பையனுக்கு இன்னொரு டீ குடிக்கத் தோன்றியது.

உத்திரமேரூருக்கு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி, ஏரியை ஒட்டி, அவருக்கு ஒன்றரை ஏக்கர் குத்தகை நிலம். பக்கத்து வீட்டுக்காரன்தான் வரதன். ஒரகடத்தில் கம்பெனி வேலை. மகள் திவ்யா பத்தாவது படிக்கிறாள். ஷட்டிலில் மாவட்ட அளவில் ஜெயித்தவள். சிமென்ட் தரையில் குதித்துக் குதித்து அவளுக்கு முட்டி வீங்கிவிட்டது. இனிமேல் மரத்தரையில் ஆடினால் ஆடட்டும், இல்லாவிட்டால் விட்டுவிடட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த தகரக் கொட்டகையில் வரதன் தானே தரை போட இறங்கினான். ஆள் வைக்கவில்லை. செல்போன் வீடியோதான் குரு.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சின்னப்பையன் மேற்பார்வைக்குப் போய்விடுவார். யாரும் கூப்பிட்டதில்லை.

"இன்னாபா அது, தரைக்குக் கீழ மெத்தை?"

"ஃபோம்ண்ணா. குதிக்கும்போது முட்டிக்கு அடி படாது."

"நாங்கூடத்தான் வரப்புலருந்து குதிச்சேன். முட்டி இன்னும் அங்கதான் கீது."

வரதன் சிரித்துவிட்டு ரப்பர் சுத்தியலால் பலகையைத் தட்டினான். ஒரு பக்கம் சேர்ந்தால் மறுபக்கம் வாயைப் பிளந்தது. கழற்றினான். மறுபடி தட்டினான்.

"ண்ணா, செருப்ப மட்டும் வெளிய வுட்டுட்டு வாங்க."

அதுதான் சின்னப்பையனுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று சாயங்காலம் டீக்கடையில், "இன்னா, கோயிலா கட்டிகினு கீறான்?" என்று அரை மணி நேரம் பேசினார்.

தை ரெண்டாவது வாரம் கடைசிப் பலகை உட்கார்ந்தது. திவ்யா நாலு நாள் ஆடினாள். ஐந்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது.

அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்துவிட்டு முறைக்காகக் காத்திருந்தார் சின்னப்பையன். மேலே போட்ட தார்ப்பாய் பழசு. விடிந்து பார்த்தால் இருபது மூட்டை நெல்லும் ஈரம். ஈரப்பத மீட்டரை வைத்துப் பார்த்த நிலையத்து ஆள் இருபத்திரண்டு சதவீதம் என்றார்.

"பதினேழுக்கு மேல எடுக்க முடியாதுங்க. காய வெச்சு எடுத்துகினு வாங்க."

எங்கே காய வைப்பது? ரோடெல்லாம் தண்ணீர். வீடு ஒரே அறை. ரெண்டு நாள் போனால் நெல் முளைவிட்டுவிடும். ஆறு மாத உழைப்பு. சின்னப்பையன் குவியலுக்குப் பக்கத்திலேயே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வரதன் நனைந்துகொண்டே வண்டியில் வந்து நின்றான்.

"அண்ணா, எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும். பலகை புதுசு. நல்லா படியறதுக்கு மேல அஞ்சு நாள் பாரம் இருக்கணுமாம். மணல் மூட்டைக்கு அலைஞ்சுகினு கீறேன். உங்க நெல்லைக் கொண்டாந்து பரப்பிட்டீங்கன்னா பெரிய உதவியா இருக்கும்."

சின்னப்பையன் துண்டை எடுத்தார். அந்த நிலைமையிலும் அவருக்குப் பேரம் பேச வந்தது.

"ஏத்தி எறக்க ஆளு?"

"நான் கீறேன் இல்ல. வாங்க."

ஐந்து நாள் கொட்டகையில் மூணு ஃபேன் நிற்காமல் ஓடியது. வரதன் பெண்டாட்டி கனகாவும் திவ்யாவும் மணிக்கொரு தரம் வெறுங்காலால் நெல்லைத் துழாவிவிட்டார்கள். சின்னப்பையன் காலையும் மாலையும் வந்து, நெல் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் மீட்டர் பதினாறு காட்டியது. நிலையத்தில் நெல்லை எடுத்துக்கொண்டார்கள். வாரிக்கொண்டு போகிற அவசரத்தில் அவர் தரையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"காரியக்காரன்யா வரதன்" என்றார் டீக்கடையில். "என் நெல்ல வெச்சே அவன் தரைய சமன் பண்ணிக்கினான். ஓசியில. ஒரு டீ வாங்கிக் குடுத்தானா?"

பத்து நாள் கழித்து, கதவுக்குச் சட்டம் வாங்க வாலாஜாபாத்தில் அப்துல் பாசித் மரக்கடைக்குப் போனார். அங்கேயும் அந்தக் கதையைச் சொன்னார். பாசித் சிரிக்கவில்லை.

"பலகைக்குப் பாரம் வெக்கணும்னு யாருங்க சொன்னது?"

"வரதன்தான்."

"அந்தப் பலகைய வித்தவனே நாந்தான். ஈரத்துணியக்கூட மேல போட்டுடாதீங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன். முந்தாநாள் மொத்தத்தையும் கழட்டி எடுத்தாந்துட்டாரு. வெறகுக்குத்தான் ஆவும்." கடையின் மூலையைக் காட்டினார் பாசித்.

சின்னப்பையன் எழுந்து போய்ப் பார்த்தார். பலகைகள் உப்பி, வில்லாக வளைந்து கிடந்தன. ஓர் இடுக்கில் நாலைந்து நெல்மணி சிக்கியிருந்தது. ஒன்று முளைவிட்டிருந்தது.

அதைக் கிள்ளி எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"எப்படி நனைஞ்சுதுன்னு கேட்டீங்களா பாய்?"

"கேக்காம இருப்பேனா? 'நனையவெல்லாம் இல்ல பாய். தொழில் தெரியாத நான் போட்டது, அதான் இப்படி ஆயிடுச்சு'ன்னாரு."