பச்சை மூடி

மூன்றாவது விரலை மடக்கிப் பிடித்தபோது என் செல்போனில் அலாரம் அடித்தது.

மருந்துக்கடைக்காரர் அலறலைப் பாதியில் நிறுத்தினார். யாரோ வருகிறார்கள் என்று நினைத்திருப்பார், பாவம். ஷட்டர் இறக்கிய ஷெட்டுக்குள் பட்டப்பகலில் யார் வரப்போகிறார்கள்?

அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். இரண்டு விரல் ஏற்கெனவே போய்விட்டது. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். நான் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. 'பார்க்கவில்லை' என்று சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போகலாம். மனுஷன் மசியவில்லை. பார்த்தேன், பார்த்ததைக் கோர்ட்டில் சொல்வேன் என்று அதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. இந்தத் தொழிலில் எதற்கு என்று கேட்கிறவன் நிலைக்கமாட்டான். வேண்டாத ஒன்றைப் பார்த்துத் தொலைத்துவிட்டான் என்றார் முதலாளி. எனக்கு அது போதும். அவர் கை காட்டிய எத்தனையோ பேரின் எலும்பை எண்ணியிருக்கிறேன், ஒருத்தனுடைய கதையும் கேட்டதில்லை.

ஒன்றுதான் எரிச்சலாக இருந்தது. மூலையில் தார்ப்பாய் போர்த்தி ஒரு கார் நின்றது. அந்தப் பக்கம் அவர் கண்ணைத் திருப்பவே இல்லை. என்னை நேருக்கு நேர் முறைக்கிற ஆளுக்குச் சும்மா நிற்கிற காரைக் கண்டால் என்ன வந்தது? நான் அதன் மேல் சாய்ந்துதான் அவ்வப்போது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

அலாரத்தை நிறுத்திவிட்டுச் சட்டைப் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்தேன்.

ஏதோ மஞ்சள் பூவின் விதையில் எடுத்த எண்ணெயாம். வழுவழுவென்று உருண்டையாக இருக்கும். என் பெண்டாட்டிக்கு முகமெல்லாம் பரு, மாதவிலக்கும் ஒழுங்காக வராது. டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். தோலுக்கும் நல்லது என்று கேள்விப்பட்டதும் எனக்கும் ஆரம்பித்துவிட்டாள். என் கை அந்த லட்சணம். சும்மாவே வெடிக்கும். ஒருத்தனை நாலு சாத்து சாத்தினால் அவன் ரத்தம் எது, என் ரத்தம் எது என்று தெரியாது.

ஊரை அடிக்கிற கைக்கு எண்ணெய் போடுகிறேனே, என்னைச் சொல்ல வேண்டும் என்று திட்டிக்கொண்டேதான் தினமும் ஒன்றை என் வாயில் போடுவாள்.

அலாரம் அவள் வைத்தது. அவள் செத்த பிறகும் அடிக்கிறது. அழிக்க மனசு வரவில்லை. அவள் கடைசியாக வாங்கிய டப்பா இது. ஆஸ்பத்திரியில் கைப்பையோடு கொடுத்தார்கள். அவள் பங்கையும் சேர்த்து நான்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

மூடியைத் திறந்து ஒன்றை உள்ளங்கையில் தட்டினேன்.

"வெறும் வயித்துல போடாதீங்க. சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விரலை உடைத்தவனுக்கு வைத்தியம் சொல்கிறார்! சிரித்துக்கொண்டே புறங்கையால் ஒன்று விட்டேன். பல் ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது.

அவர் ரத்தத்தைத் துப்பினார். என்னைப் பார்க்கவில்லை. டப்பாவையே பார்த்தார். வெள்ளை டப்பா, அதற்குச் சம்பந்தமே இல்லாத பச்சை மூடி.

"அந்த மூடி நான் மாத்திப் போட்டது. முதல்ல அழுத்தித் திருகுற மூடி இருந்துச்சு. வீட்டுக்காரருக்குக் கையெல்லாம் வெடிச்சிருக்கு, அழுத்தினா வலிக்கும், வேற மூடி போட்டுத் தாங்கன்னு அந்தம்மா கேட்டாங்க. மாட்டிக் கொடுத்தேன். சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுக் கடையை விட்டு இறங்கினாங்க. ரோட்டுல ரெண்டு அடிகூட வெச்சிருக்கமாட்டாங்க…"

முதல் தடவையாக அந்த மூலையைப் பார்த்தார்.

லாரி என்றார் முதலாளி. மணல் லாரி, இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது என்றார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நகராமல் உட்கார்ந்திருந்தார். எந்த லாரி, யார் பார்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை.

தார்ப்பாயை உருவினேன்.

முதலாளி மகனுடைய வெள்ளைக் கார். ஒரு முன்விளக்கு இருந்த இடத்தில் ஓட்டை. பானெட்டில் பெரிய பள்ளம். அவள் எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியும். இத்தனை நேரம் இதன் மேல்தான் சாய்ந்திருக்கிறேன்.

போன் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை அலாரம் இல்லை. முதலாளி.

"முடிஞ்சுது முதலாளி, பாக்கலைன்னு சொல்லிட்டான்" என்றேன். குரல் பிசிறாமல் வந்தது எனக்கே ஆச்சரியம். "சின்னவரைக் கூட்டிட்டு ஒரு நடை வாங்க. தனியாவே வாங்க."

எதற்கு என்று அவரும் கேட்கவில்லை.

டப்பாவையும் மாத்திரையையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்காரரின் கட்டை அறுத்தேன். அவர் எழுந்திருக்கத் தடுமாறினார், கைத்தாங்கலாகப் பின்கதவுவரை கொண்டுபோய் விட்டேன். நல்ல இரும்புக் கம்பியாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு, ஷட்டரை அரையாள் உயரத்துக்குத் தூக்கி வைத்தேன்.

சட்டைப் பையில் மாத்திரை அப்படியே இருந்தது. நானும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அதைத் திரும்ப டப்பாவுக்குள் போட்டு, பச்சை மூடியைத் திருகினேன்.

கை கொஞ்சம்கூட வலிக்கவில்லை.