பெல்ட் ஓடிய இடம்

எண்பத்து மூன்றில், பாகூர் ரைஸ்மில்லில் கரண்டு செலவைப் பாதியாகக் குறைத்துக் காட்டுகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட ஒயர்மேன் நான்தான். ஒரே பெரிய மோட்டார், கூரையடியில் நீள ஷாஃப்டு, அதிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் தோல் பெல்ட் என்று வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்ததை எல்லாம் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டேன். மிஷினுக்கு ஒன்றாகச் சின்ன மோட்டார் வைத்தேன்.

முன்பு நாளுக்கு இருநூற்றுப் பத்து யூனிட் ஓடியது. மூன்று மாதம் கழித்தும் அதே இருநூற்றுப் பத்து. மீட்டரையே மாற்றிப் பார்த்தாயிற்று.

"இந்த வாரமும் கொறயலன்னா நடையக் கட்டு, சூசை" என்றார் முதலாளி.

அந்த எரிச்சலில் திரும்பினால், தவிடு அள்ளும் கஸ்தூரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெரிய பெல்ட் ஓடிய இடத்தில் குனிந்து போகிறாள். மில்லில் எல்லாரும் இன்னும் அப்படித்தான் போகிறார்கள்.

"அதான் பெல்ட்டே இல்லியே, இன்னாத்துக்குக் குனியற?"

"நீங்க நிமுந்து போங்களேன், பாப்பம்."

போனேன். தோளில் கிடந்த துண்டை எதுவோ வெடுக்கென்று பிடுங்கியது. துண்டு கூரைவரை ஏறி, வளைந்து இறங்கி, என் காதை உரசிக்கொண்டு மறுபடி ஏறியது.

ஓடிப்போய் மெயினை இறக்கினேன். மோட்டார்கள் நின்றன. துண்டும் வேகம் குறைந்து, தலைக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

கஸ்தூரி கூடையை இறக்கி வைத்துவிட்டு, எக்கி அதைச் சிக்கெடுத்துக் கொடுத்தாள்.

"பெல்ட்டாண்ட துண்டு போட்டுக்கினு வராதீங்கன்னு எத்தினி தபாண்ணே சொல்றது?"