முன் ஸீட் வேண்டாம்

“தாயி, ஒரு உபகாரம் பண்ணுவியா? என் ஸீட்டுல போயி உக்காந்துக்கிட்டு, ஒன் ஸீட்ட எனக்குக் குடேன்.”

ஸ்ரீப்ரியா நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளை வேட்டி, கையில் மருந்துப் பை, அறுபத்தைந்து வயது இருக்கும். மதுரையிலிருந்து சென்னைக்குப் போகும் விமானத்தில் ஆட்கள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“உங்க ஸீட் எது மாமா?”

“மொத வரிசை. சன்னலோரம்.”

அவளுக்கு நம்ப முடியவில்லை. இந்த விமானத்தில் சொகுசு வகுப்பெல்லாம் கிடையாது, எல்லாரும் ஒரே வகுப்புதான். அதில் காலை நீட்டி உட்காரத் தோதான இடம் அந்த முதல் வரிசை. இறங்கியதும் இன்டர்வியூவுக்கு ஓட வேண்டுமே என்று கவுன்ட்டரில் அதற்காகத்தான் அப்படிக் கெஞ்சினாள். கிடைத்ததோ கடைசி வரிசை, பாத்ரூம் வாசல். இதைப் போய் ஒரு மனுஷர் வலிய வந்து கேட்பாரா? ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏற்றிவிடும்போது, முன்பின் தெரியாதவர் தேன் ஒழுகப் பேசினால் உஷாராக இரு என்று அம்மா வேறு சொல்லி அனுப்பியிருந்தாள்.

“இங்கே ஓயாம கதவு திறந்து மூடும் மாமா. முன்னாடியே சௌக்கியமா உட்காருங்கோளேன்.”

“சென்னையில இருக்க எம் மக பாத்துப் பாத்துப் போட்ட ஸீட்டு தாயி. எனக்குத்தான் அங்க இருப்புக் கொள்ளல. வல்லரச பின்பக்கத்துல போட்டுட்டாக.”

“யாரு, உங்க பிள்ளையா?”

“நான் பெறாத பிள்ளை.”

அவர் பெயர் ஆவுடையப்பன், ஊர் ராஜபாளையம். நின்றபடியே சொல்லிக்கொண்டு போனார்.

“தேவதானத்துல நமக்குத் தென்னந்தோப்பு. போன மாசம் மோட்டார் ரூம்ல நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்சுட்டேன். சுத்தி ஈ காக்கா இல்ல. இவன்தான் ரோட்டுக்கு ஓடி, போற வண்டிக்குக் குறுக்க விழுந்து மறிச்சு, ஆளக் கூட்டியாந்தான். இன்னைக்கு ஒங்கூட நின்னு பேசுதேன்னா அது அவன் குடுத்த உசுரு.”

ஸ்ரீப்ரியாவுக்குச் சந்தேகமெல்லாம் போய்விட்டது.

“இனிமே தனியா இருக்கப்படாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ‘நீங்க மட்டும் வாங்கப்பா’ன்னா மக. அவன் இல்லாம அடியெடுத்து வைக்க மாட்டேன்னுட்டேன்.”

“அப்போ ரெண்டு ஸீட்டும் பக்கத்துல பக்கத்துல கேட்டிருக்கலாமே?”

“எம்புட்டோ மன்றாடிப் பாத்துட்டேன், முடியவே முடியாதுன்னுட்டாக. அவனுக்குப் பொறந்ததுலருந்தே காது கேக்காது, பேச்சும் கெடையாது. பிளேனும் புதுசு. நான் விட்டுட்டுப் போயிட்டேன்னு நெனச்சு நடுங்கிப் போவான் தாயி.”

இப்படிப்பட்டவனைத் தனியே போட்டிருக்கிறார்களே, என்ன கல்நெஞ்சு இவர்களுக்கு என்று அவளுக்குக் கோபமாக வந்தது. சட்டென்று எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.

“இதை முதல்லயே சொல்லப்படாதா? வாங்கோ, உட்காருங்கோ. எனக்கும் இன்டர்வியூவுக்குச் சீக்கிரம் இறங்கணும். உபகாரம் பண்றது நீங்கதான்.”

“நல்லாருப்ப தாயி. அந்த வேலை ஒனக்குத்தான், போ.” கையெடுத்துக் கும்பிட்டார்.

உட்கார்ந்தவர் செருப்பைக் கழற்றினார். குதிகாலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஓங்கித் தட்டினார். முன் ஸீட்டுக்காரர் திரும்பி முறைத்தார்.

“மாமா, அவருக்குக் காது கேக்காதுன்னேளே?”

“காதுதான் கேக்காது. தரை அதிர்ந்தா, நான் பக்கத்துலதான் இருக்கேன்னு கண்டுக்கிருவான்.”

யார் எழுந்து கையை ஆட்டப்போகிறார்கள் என்று ஸ்ரீப்ரியா சுற்றிலும் பார்த்தாள். ஒருவரும் அசையவில்லை. அவர் மறுபடியும் தட்டினார்.

காலடிக்கு நேர் கீழே, பெட்டிகள் ஏற்றும் அறையிலிருந்து, ஒரு நாய் கணீரென்று குரைத்தது.

“கேட்டியா தாயி, வல்லரசு!” என்றார் ஆவுடையப்பன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.