அதே உயரம்

"இது ஒரு விரக்கடை உசரம் கூட இருக்கே தம்பி. எனக்கு அதே உசரம்தான் வேணும்."

தேவஇரக்கம் சைக்கிளின் பக்கத்தில் குத்தவைத்து, சட்டைப் பையிலிருந்து எடுத்த சணல் கயிற்றைச் சக்கரத்தின் நடுவிலிருந்து தரைவரை பிடித்துப் பார்த்தார். கயிற்றில் அங்கங்கே முடிச்சு. ராணுவத்தில் வண்டி ஓட்டி ரிட்டயர் ஆன மனிதர். அளவு விஷயத்தில் அசைந்து கொடுக்க மாட்டார் போல.

ராம்குமார் வீட்டுத் தெலுங்கில் "தேவுடா" என்று முனகிக்கொண்டான். ராஜபாளையத்தில் மலைப் பாதைக்கான சைக்கிள் விற்கிற அவனுக்கு இப்படி ஒரு கிராக்கி வந்ததே இல்லை.

போன வருஷம் இவர் மகன் செல்வினுக்கு முதல் சைக்கிளை விற்றதும் அவன்தான். முன்னாலும் பின்னாலும் ஷாக் வைத்தது. கல்லோ வேரோ, எதில் ஏறினாலும் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியாது. செண்பகத்தோப்புப் பக்கம் செல்வின் அதில் இறங்குகிற இறக்கத்தைப் பார்த்து ராம்குமாரே வாயைப் பிளந்திருக்கிறான். இப்போது கொஞ்ச மாதமாகப் பயல் கடைப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

"அண்ணாச்சி, சொன்னாக் கேளுங்க. அவன்கிட்ட இருக்கிறது இறக்கத்துக்கான சைக்கிள், நல்ல கனம். ரெண்டாவது எடுக்கிறதுன்னா கனமில்லாம, ஏத்தத்துல ஈசியா ஏறுற மாதிரி எடுக்கணும். அதுல இல்லாதது இதுல இருக்கணும்ல?"

"ஏத்தத்த நான் பாத்துக்கிடுதேன். அவனுக்குக் குலுங்கக் கூடாது, அம்புட்டுதான்."

ஏற்றத்தை இவர் பார்த்துக்கொள்வாராம்! பின்னாலிருந்து தள்ளிவிடுவார் போல. ராம்குமாருக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது.

"வீட்டுல தோசைக்கல்லு இருந்தா அடுத்தாப்ல பணியாரச் சட்டி வாங்குவாங்க அண்ணாச்சி. இன்னொரு தோசைக்கல்லா வாங்குவாங்க?"

"கோவப்படாதீங்க தம்பி. பழைய மாடல் ஒண்ணாவது கெடக்கான்னு செத்தப் பாருங்க. மதுரை வரைக்கும் தேடிட்டேன், எங்கயும் இல்ல." அவர் குரல் இறங்கியது. "கிறிஸ்மஸ்ல இருந்து பய வாசப்படி தாண்டல. சோறும் சரியாத் திங்கிறதில்ல. நாளைக்குக் குருத்தோல ஞாயிறு. சின்னதுல இருந்தே பவனியில அவன்தான் முன்னால ஓலை பிடிச்சுப் போவான். இந்தா, இந்த சைக்கிள் கெடச்சா வாரேன்னு நேத்துதான் வாயத் தொறந்து சொல்லிருக்கான். இதையும் விட்டுட்டா பொறவு அவன வெளிய கொண்டாரவே முடியாதுய்யா."

இரண்டாவது சைக்கிளுக்காகச் சோறு திங்காமல் அடம்பிடிக்கிற பிள்ளை! மீசை முளைத்த தடிப்பயல். அப்பனோ கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைகிறார். ராம்குமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க செல்லம் குடுத்தே கெடுத்துட்டீங்க. ஒரே மாதிரி ரெண்டு சைக்கிள மிதிக்க அவனுக்கு என்ன நாலு காலா இருக்கு?"

தேவஇரக்கம் கயிற்றின் முடிச்சைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே நின்றார். கண் கலங்கியதோ என்னவோ, தெருப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சே, வயசான மனுஷனைப் போய்! ராம்குமார் குடோனுக்குள் நுழைந்தான். காட்சிக்கு வைத்திருந்த பழைய மாடல் ஒன்று, பெயிண்ட் உரசி, மூலையில் தூசியோடு கிடந்தது. உருட்டிக்கொண்டு வந்தான். தேவஇரக்கம் கயிற்றைப் பிடித்தார். ஒவ்வொரு முடிச்சும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

"ஸ்தோத்திரம்!" என்றார். "பெடல மட்டும் கழத்திருங்க. தேவைப்படாது."

பந்தயக்காரப் பயல்கள் தனியாக பெடல் வாங்கி மாட்டுவது வழக்கம்தான். ராம்குமார் கழற்றி வைத்தான்.

"நானே வண்டியில போட்டுக் கொண்டாறேன் அண்ணாச்சி. அவனையும் பாத்த மாதிரி இருக்கும்."

பார்ப்பதற்கா? பிடித்து நாலு கேள்வி கேட்பதற்கு! குட்டியானையில் சைக்கிளைக் கட்டி, அவரையும் ஏற்றிக்கொண்டு, ஶ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்கிறவரை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான். சர்ச்சுக்குப் பின்னால் இருந்த அவர்கள் தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டி, அப்படியே போட்டு வைத்திருந்தார்கள். வண்டி ஆடிய ஆட்டத்தில் ராம்குமாரின் தலை மேலே இடித்தது.

"எங்க அண்ணாச்சி அந்தத் தொரை? வரச் சொல்லுங்க வெளிய!"

"கூட்டிட்டு வாரேன்," என்று தேவஇரக்கம் உள்ளே போனார்.

சைக்கிளை இறக்கி உருட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிய ராம்குமார், அப்படியே நின்றுவிட்டான். போன வருஷம் அவன் விற்ற சைக்கிள், இரண்டு கல்லுக்கு நடுவே நேராக நின்றது. அதிலும் பெடல் இல்லை. அதன் உடம்பிலிருந்து பக்கவாட்டில் இரண்டு இரும்புக் குழாய்கள் நீண்டிருந்தன. குழாய்களின் மேல், முதுகு சாய்கிற நாற்காலி ஒன்றை நட்டுப் போட்டு முறுக்கியிருந்தார்கள். மறுமுனை, அடுக்கி வைத்த செங்கல்லின் மேல், இன்னொரு சைக்கிளுக்காகக் காத்துக் கிடந்தது.

"இந்தா வந்துட்டான் தம்பி."

ராம்குமார் திரும்பினான். தேவஇரக்கம் மகனைப் பச்சைப் பிள்ளையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். முழங்காலுக்குக் கீழே செல்வினின் கைலி வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது.