இடம் பிடித்த கேள்விக்குறி

துணைநூற்பட்டியல் ஒன்றைப் பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியபோது, சில பெயர்களில் சில எழுத்துகள் வந்து சேரவில்லை. பட்டியலின் முதல் பெயரான அழகம்மையில் 'ழ' வரவில்லை. அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி உட்கார்ந்திருந்தது.

"யாருப்பா நீ?" என்றது 'அ'.

"அவர் வர்ற வரைக்கும் இடம் பிடிச்சு வைக்கச் சொன்னாங்க. பஸ்ஸில துண்டு போடற மாதிரி."

"உன்னால எங்க பேரே அசிங்கமா இருக்கு," என்றது 'க'.

"நான் எழுந்தா பேரு நல்லாத்தான் இருக்கும். அதுதான் பயமா இருக்கு."

மறுநாள் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டிய மெர்லினுக்கு முதல் பெயரே கண்ணை உறுத்தியது. அந்தக் கேள்விக்குறியை அழித்தாள். 'அ'வும் 'க'வும் நெருங்கி உட்கார்ந்தன. அகம்மை என்று பெயர் ஒழுங்காகத் தெரிந்தது.

மாலையில் தோழி ஒருத்தி சரியான எழுத்துருமாற்றியை அனுப்பினாள். தவறிய எழுத்துகள் வந்து இறங்கின. மற்ற பெயர்களில் இருந்த கேள்விக்குறிகள் எழுந்து இடம் கொடுத்தன. 'ழ' மட்டும் பட்டியலின் உச்சியில் நின்றுகொண்டிருந்தது.

"என் இடம் இங்கதானே இருந்துச்சு?"

'க' இரண்டு பக்கமும் பார்த்தது.

"இங்க யாரும் குறையலையே. வேற பேருல போய்ப் பாருங்க சார்."