கோனாரக்கிலிருந்து இரண்டு மணி நேரம்

"ஒரே ஒரு சீட்டுகூடவா இல்ல?" மஹ்லப் மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

கவுண்டரில் இருந்த பெண் உதட்டைப் பிதுக்கினாள். ஈரானின் தென்கோடிக் கடற்கரையில் இருக்கும் கோனாரக்கிலிருந்து தலைநகர் தெஹ்ரானுக்கு அன்று அந்த ஒரு விமானம்தான். கிளம்ப ஐம்பது நிமிடம் இருந்தது.

காலையில்தான் தெஹ்ரான் மருத்துவமனையிலிருந்து போன் வந்திருந்தது. சிறுநீரகம் கிடைத்துவிட்டது. மாலை ஐந்து மணிக்குள் வர வேண்டும். வெறும் வயிற்றோடு வர வேண்டும்.

ஏழு வருடமாக, வாரத்துக்கு மூன்று நாள், ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கட்டிப்போட்ட உடம்பு. போனை வைத்ததும் சிரித்தாள், அழுதாள், அண்டை வீட்டுக்காரியைக் கட்டிக்கொண்டாள். அப்படியே ஓடிவந்து தம்பியின் பிக்கப்பில் ஏறிவிட்டாள்.

"பேசாம வண்டியிலேயே போயிடலாம்க்கா. மிதிச்சா போயிடலாம்," என்றான் தம்பி பீர்பக்ஷ்.

"ஆயிரத்தித் தொள்ளாயிரம் கிலோமீட்டர்டா! நீ மிதிக்கிற மிதிக்கு நாளைக்கு மத்தியானம் போய்ச் சேருவோம். அதுவரைக்கும் வெச்சிருப்பாங்களா? அடுத்த ஆளுக்குக் கொடுத்துடுவாங்க."

பயத்திலும் அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

போர்டிங் அட்டையோடு முன்னால் நின்றிருந்த ஒருவர் திரும்பினார். ஐம்பது வயதிருக்கும். பேச்சில் கோனாரக்கை அடுத்த நிக்‌ஷஹர் பக்கத்து இழுவை இருந்தது.

"எங்க தங்கச்சி இவ்வளவு அவசரமா?"

மஹ்லப் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். மருத்துவமனையின் பெயர், ஐந்து மணி, வெறும் வயிறு, எல்லாம்.

அவர் கண்ணாடிக்கு அப்பால் நின்ற விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை பிள்ளைங்க?"

"மூணுண்ணே."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அட்டையைக் கவுண்டர்மேல் வைத்தார்.

"என் சீட்டை இந்தப் பொண்ணுக்கு மாத்திக் கொடும்மா. நான் அப்புறம் போய்க்கிறேன்."

பீர்பக்ஷ் அவரைக் கட்டிப்பிடித்துத் தோளில் முத்தமிட்டான். மஹ்லப் நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் சோதனை வாசலுக்குப் போகச் சொல்லி விரட்டினார்கள்.

விமானம் மேலேறியபோது முன் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முதல் விமானப் பயணம். கீழே கடல் போனது, மொட்டை மலைகள் போயின, பிறகு முடிவே இல்லாத பழுப்பு நிலம். ஒரு பகலும் ஓர் இரவும் ஓட்ட வேண்டிய தூரம், இரண்டு மணி நேரத்தில் காலடியில் நழுவிப் போனது.

தெஹ்ரானில் டாக்சிக்காரரை அவள் அவசரப்படுத்திய வேகத்தில் அவர் இரண்டு முறை தவறான தெருவில் திரும்பினார். நாலு இருபதுக்கு மருத்துவமனை வாசல்.

ரத்தம் எடுத்தார்கள். உடை மாற்றினார்கள். பொருந்துகிறது என்று மருத்துவர் வந்து சொன்னதும், மஹ்லப் நர்ஸின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள்.

"மெதுவா, அந்தக் கை எனக்கு வேணும்!" என்று நர்ஸ் சிரித்தாள். "நல்லவேளை நீங்களாவது வந்தீங்க. உங்களுக்கு ஒத்துவரலைன்னா அவருக்கு வைக்கலாம்னு உங்க ஊர்ப் பக்கம், நிக்‌ஷஹர்ல இருந்து இன்னொருத்தரையும் கூப்பிட்டிருந்தோம். அவரு வரலைன்னு போன் பண்ணிட்டாரு."

"ஏனாம்?"

"ஒண்ணும் சொல்லல. கோனாரக் விமானம் நேரத்துக்கு இறங்கிடுச்சான்னு மட்டும் கேட்டாரு."